இல்லாத பெயரைக் கேட்டால் நிற்க வேண்டும்

கட்சுபே சயோகோ அக்காவுக்குக் கார் ஓட்ட வராது. எங்கள் கடற்கரை ஊரிலிருந்து மட்சுவே நகரத்துக்குச் சனிக்கிழமைகளில் ரயிலும் சரியாக அமையாது. அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை நான்தான் அவரைக் கூட்டிப்போவேன். அங்கே கணினிக்கு நிரல் எழுதுபவர்களின் கூட்டம் முடியும்வரை அறையின் பின்பக்கம், தேநீர்க் கெண்டி வைத்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஏரிக்கரையில் நடந்துவிட்டு வரலாம்தான். ஆனால் அந்த மனிதர்கள் பேசுவதைக் கேட்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

அக்காவும் நானும் பள்ளி உணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறோம். சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான் தயாராகிறது. நான் வேன் ஓட்டுகிறேன். அக்கா அலுவலக அறையில் கணினி முன்னால் இருக்கிறார். ஒசாகாவில் ஒரு நிறுவனத்தில் பல வருடம் நிரல் எழுதியவர். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊருக்குத் திரும்பி, கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டார். அப்பா போன பிறகும் ஒசாகாவுக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால், “இங்க பண்றதை யாராவது சாப்பிடறாங்க, மிட்சு” என்பார். தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வார். பின்னால் ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

எந்தப் பள்ளியில் எத்தனை தட்டு, எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது, யாருடைய சாப்பாட்டைச் சிவப்பு மூடி போட்ட தனிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும் என்று தினமும் காலையில் சொல்லும் நிரலை அக்கா எழுதினார். நகி என்ற கணினி மொழியில் எழுதினார். காற்று நின்று கடல் அடங்கிக் கிடப்பதை எங்கள் ஊரில் நகி என்போம். அந்த மொழியை உருவாக்கிய இதொஹாரா மட்சுவேக்காரர்; எங்கள் வழக்கப்படி மரியாதையாக இதொஹாரா சான் என்போம். மற்ற மொழிகள் சின்னத் தப்புக்கெல்லாம் எழுதுபவனைத் திட்டுகின்றன, இது திட்டாது, எதற்கும் கத்தாமல் தன் வேலையைத் தொடரும் என்பதுதான் அதன் பெருமை. அதற்காகவே பலர் அதைத் தேடி வந்தார்கள். அக்காவும் அப்படி வந்தவர்தான். மட்சுவேயில் மாதந்தோறும் கூடுவது இவர்கள்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ஒரு நாள் பால் சேர்த்த காய்கறிக் குழம்பு. பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு சிறுமி அப்போதுதான் பள்ளி மாறி வந்திருந்தாள். பால் அவளுக்கு ஆகவே ஆகாது. அவள் பெயர் வகுப்புக் கணக்கில் ஏறியிருந்தது. ஒவ்வாமைப் பட்டியலில் ஏறவில்லை. இந்தப் பெண்ணுக்கு எது ஆகாது என்று நிரல் பட்டியலைக் கேட்டது. பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. நகி கத்தவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்று அமைதியாகப் பதில் சொன்னது. அதாவது, ஆகாதது எதுவும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம்.

கரண்டி வாய்க்குப் போகும் முன் வகுப்பு ஆசிரியை பார்த்துத் தட்டை இழுத்துக்கொண்டார். முந்தின நாள் அந்தச் சிறுமியின் அம்மா வாசலில் நின்று சொன்னது அவருக்கு நினைவிருந்தது. அவ்வளவுதான். காலிப் பாத்திரங்களை எடுக்கப் போன என்னிடம் அந்த ஆசிரியைதான் விஷயத்தைச் சொன்னார்.

அக்கா அன்றைக்கே தன் நிரலைத் திருத்திவிட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

“சரியாப் போச்சு இல்ல? இன்னும் என்னக்கா யோசனை?” என்று நான் கேட்டேன்.

“என் புரோகிராம் சரியாச்சு. நான் எப்படி எழுதினேனோ அப்படியே நாளைக்கு வேற ஊர்ல வேற ஒருத்தர் எழுதுவாங்க. அந்த மொழியில அப்படித்தான் எழுத வருது. அங்க அந்த டீச்சர் இருக்க மாட்டாங்க.”

நகியின் மூன்றாம் பதிப்பு அடுத்த வசந்தத்தில் வருவதாக இருந்தது. அதற்குப் பிறகு பழைய நிரல்களை உடைக்கும் எந்த மாற்றமும் மொழியில் செய்யப்படாது என்று இதொஹாரா சான் அறிவித்திருந்தார். ஆகவே நகியின் இந்தக் குணத்தை மாற்றுவதென்றால் அந்தப் பதிப்புக்குள் மாற்ற வேண்டும். விட்டால் எப்போதும் முடியாது.

அக்கா தன் யோசனையை எழுதி நகிக்கான இணைய விவாதப் பக்கத்தில் போட்டார்: பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நாங்கள் மட்சுவே போனோம்.

அந்தக் கூட்டத்தில் யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். பிடிக்காத யோசனை வந்தால், “இதைக் கொஞ்சம் தூங்க வைப்போம்” என்பார்கள். தூங்கப் போனது எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எஸுமி சான் முதலில் பேசினார். நகியின் உள்பாகங்களில் பாதியை எழுதியவர் அவர். வாய்த்துடுக்கு உண்டு. அறைக்குள் நுழையும்போதே யாரையாவது கிண்டல் செய்துகொண்டுதான் நுழைவார்.

“கட்சுபே சான், நாமெல்லாம் நகிக்கு வந்ததே இது நம்மளைத் திட்டாதுன்னுதானே? வீட்ல வாங்கற திட்டு பத்தலையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“திட்டச் சொல்லல. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். தெரியாததை ஒன்னுமில்லைன்னு சொல்றது பொய்.”

“பொய்யா! நகி பாவம், பொய் சொல்ற வயசு கூட ஆகல அதுக்கு.” பிறகு எஸுமி சான் கிண்டலை நிறுத்தினார். “சரி, ஒன்னு கேக்கறேன். ஒரு பஸ் கம்பெனி. இன்னைக்கு லீவு போட்ட டிரைவருங்க பட்டியல் இருக்கு. லீவு போடாதவன் பேரு அதுல இருக்காது. அது தப்பில்ல, அதுதான் சரி. உங்க பேச்சைக் கேட்டா ஒழுங்கா வேலைக்கு வந்தவன் பேரைக் கேக்கும்போதெல்லாம் புரோகிராம் நின்னுடும். லீவு போடாத ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தடவை!”

அக்கா முழங்கால்மேல் வைத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “அதை நான் யோசிக்கல” என்றார்.

“அப்ப, கொஞ்சம் தூங்க வைப்போமா?” என்றார் இதொஹாரா சான், மிக மெதுவாக.

திரும்பி வரும் வழியில் மலைச் சுரங்கப்பாதைக்குள் வண்டி நுழைந்ததும் அக்கா திடீரென்று சொன்னார்: “அவன் சொல்றது சரி மிட்சு. இல்லைங்கறதே பதிலா இருக்கற இடமும் இருக்கு. அப்படின்னா கேக்கறவன் முன்னாடியே சொல்லட்டும், இல்லாம இருக்கலாம்னு. சொல்லாமக் கேட்டாதான் நிக்கணும்.”

“அதை எஸுமி சான்கிட்ட சொல்லுங்க.”

“சொல்லத்தான் போறேன். அவனே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லணும், அப்பதான் எறங்கும்.”

அப்படித்தான் சொன்னார். அடுத்த கூட்டத்தில், “எஸுமி சான் காட்டின வழியிலதான் இதை மாத்தினேன்” என்று ஆரம்பித்தார். எஸுமி சான் காதைச் சொறிந்துகொண்டார்.

“என்னைக் கூட்டாளி ஆக்கறீங்களா? சரி. யோசனை இப்ப பரவால்ல. ஆனா வெளியில கெடக்கற புரோகிராம் எத்தனை உடையும் தெரியுமா? அதையெல்லாம் யாரு சரி பண்றது?”

அந்தக் கூட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. எங்கள் நாட்டில் எல்லா இடத்திலும் உண்டு. யார் பேச்சை எடுத்தாரோ அவரே அதைச் செய்ய வேண்டும். அதனால்தான் பல நல்ல யோசனைகள் வாயோடு நின்றுவிடுகின்றன. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

“நான்தான் பண்ணுவேன்” என்றார் அக்கா.

“எல்லாத்தையுமா?”

“இணையத்துல பொதுவுல இருக்கறது எல்லாத்தையும்.”

“கட்சுபே சான், தூக்கம்னு ஒன்னு இருக்கு, தெரியுமில்ல?”

“என் யோசனை ஏற்கெனவே நிறையத் தூங்கிடுச்சு.”

இந்தத் தடவை இதொஹாரா சான்கூடச் சிரித்துவிட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அக்கா அதைச் செய்தார். மாற்றிய நகியை வைத்து ஊரார் எழுதிய நிரல்களை ஒவ்வொன்றாக ஓட்டுவது, எங்கே நிற்கிறதோ அந்த வரியைத் திருத்துவது, எழுதியவருக்குப் பணிவாக ஒரு குறிப்போடு அனுப்புவது. வேலை முடிந்து நான் வேனைக் கழுவிவிட்டு வரும்போது அலுவலக அறையில் மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பார். மதியம் மிஞ்சிய ரொட்டியை அடுப்பின் மேல் வைத்து வாட்டிச் சாப்பிடுவார். வரும் பதில்களை எனக்குப் படித்துக் காட்டுவார். நன்றி சொன்னவர்கள் உண்டு. பதிலே போடாதவர்கள்தான் அதிகம். ஹொக்கைடோவிலிருந்து ஒருவர், ‘என் நிரலில் யார் கையும் படக்கூடாது, உங்கள் வேலையைப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தார்.

“என்ன செய்யப் போறீங்க?”

“மறுபடி எழுதுவேன். பனி எப்படி இருக்குன்னு கேட்டுட்டு.”

உண்மையாகவே பனியைப் பற்றி விசாரித்து எழுதினார். ஹொக்கைடோக்காரர் பனியைப் பற்றி நீளமாகப் பதில் எழுதிவிட்டு, கடைசி வரியில் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்.

திருத்தப் போன இடங்களில் சிலது வெறும் திருத்தமாக முடியவில்லை. நிரல் நின்ற இடத்தைப் பார்த்தால், அங்கே வெகு நாளாக ஏதோ ஒன்று யாருக்கும் தெரியாமல் விடுபட்டுக்கொண்டிருந்திருக்கும். அக்கா அவற்றைத் தனியாகக் குறித்து விவாதப் பக்கத்தில் போட்டார். எஸுமி சானின் பதில் எப்போதும் ஒன்றுதான்: எழுதியவர்கள் கவனமாக எழுதியிருந்தால் இப்படி ஆகியிருக்காது. அக்கா அதைப் படித்துவிட்டு அடுத்த நிரலை எடுப்பார். அவரே கவனமில்லாமல் எழுதியவர்தானே.

மூன்றாம் பதிப்புக்கு முந்தைய கடைசிக் கூட்டம் பிப்ரவரியில். அன்று ஏரியின் மேல் ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. இதொஹாரா சான் அன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் தூங்க வைக்கும் முகமாகத்தான் இருந்தது.

“கட்சுபே சான் செஞ்ச வேலைக்கு நாம எல்லாரும் தலை வணங்கணும்” என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “ஆனா, கவனமா எழுதறவங்களுக்கு இது சுமைதானேங்கற எண்ணம் எனக்கு இருக்கு. கவனமா எழுதற ஒருத்தருக்கு, இதனால நெஜமாவே கஷ்டம் வந்திருக்கா?”

அக்கா எஸுமி சானைப் பார்த்துக் கேட்டார்.

“இங்க இருக்கறதுலயே கவனமா எழுதறவர் நீங்கதான். உங்க புரோகிராம் ஒன்னைக் குடுங்க. மாத்தின நகியில ஓட்டிப் பாக்கலாம்.”

“என்னோடதா? தாராளமா.” எஸுமி சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நம்ம மதியச் சாப்பாட்டு ஆர்டர் புரோகிராம் எடுத்துக்கங்க. கூட்டத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டி சொல்றது அதுதான். எழுதி மூணு வருஷம் ஆச்சு, ஒரு தடவை தகராறு பண்ணினதில்ல.”

அக்கா அதை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் தொங்கிய திரையில் ஓட்டினார். வந்திருப்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. மீனா, இறைச்சியா என்று ஒவ்வொருவர் விருப்பமும் பக்கத்தில் விழுந்தது. பாதிக்கு மேல் போய் நின்றுவிட்டது. திரையில் ஃபுகுமா என்ற பெயர் மட்டும் இருந்தது. விருப்பப் பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை.

எல்லோரும் திரும்பினார்கள். ஃபுகுமா சான் என்னை விட்டால் கடைசி நாற்காலியில் இருப்பவர். ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறார். கேட்டால் மட்டும் பேசுவார். அவர் மடியில் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. அதற்குள் சோற்று உருண்டைகள்.

“ஃபுகுமா சான்” என்றார் எஸுமி சான். “உங்களுக்குப் பெட்டி வர்றதில்லையா?”

“இல்லீங்க.”

“எப்பலேருந்து?”

“சேந்ததுலேருந்து.”

“அது ரெண்டு வருஷம் இருக்குமே! நாங்க எல்லாரும் சாப்பிடும்போது நீங்க…”

“வீட்லேருந்து கொண்டு வந்துடுவேன்.”

“ஏன் கேக்கல?”

ஃபுகுமா சான் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். “புதுசா வந்தவங்களுக்குக் கெடையாதோன்னு நெனச்சேன். அப்புறம் எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்கும் வந்துச்சு. அப்ப கேக்கறது இன்னும் சங்கடமாப் போச்சு.”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. சிரிப்பு தானாக அடங்கியபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாதாமாதம் அவர் தனியாக உருண்டை தின்றதை எல்லோரும்தான் பார்த்திருந்தோம். நானும் பார்த்தேன். வயிறு சரியில்லாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எஸுமி சான் எழுந்து கடைசி நாற்காலிவரை நடந்து போனார். இடுப்பை மடித்துக் குனிந்தார். “மன்னிக்கணும். புதுசா சேர்றவங்களை ரெண்டு எடத்துல எழுதணும். உங்களை ஒரு எடத்துலதான் எழுதியிருக்கேன். உங்களுக்கு ஒன்னும் வேணாம்னு அது தாண்டிப் போயிருக்கு. தகராறு பண்ணலைன்னா சரியா ஓடுதுன்னு இருந்துட்டேன்.”

“ஐயோ, விடுங்க, விடுங்க. எங்க வீட்டு ஊறுகாய்ப் பிளம் நல்லா இருக்கும்” என்றார் ஃபுகுமா சான், இவரும் எழுந்து குனிந்தபடி. இரண்டு பேர் தலையும் இடித்துக்கொள்ளப் பார்த்தது.

இதொஹாரா சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரல. யாருக்காவது நெஜமாவே கஷ்டம் வந்திருக்கா?”

ஃபுகுமா சான் கையைப் பாதி தூக்கினார். “கஷ்டம்னு சொல்ல முடியாது…”

“சொல்லுங்க ஃபுகுமா சான்!” என்றார் எஸுமி சான். “தயவு பண்ணி ஒரு தடவையாவது சொல்லுங்க!”

“கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.”

அதற்குப் பிறகும் பேச்சு நீண்டது. நகி கத்தாத மொழி என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் இதொஹாரா சான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு எளிதாக இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். நிற்கலாம். ஆனால் நிற்கும்போது திரையில் வரும் வாசகம் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. அதை அக்காவே எழுத வேண்டும்.

அக்கா அங்கேயே எழுதினார். ‘இந்தப் பெயர் என்னிடம் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?’

“கொஞ்சம் பயந்த சுபாவமா இருக்கே” என்றார் எஸுமி சான்.

“பயந்துக்கட்டும். ஆனா நிக்கட்டும்.”

மூன்றாம் பதிப்பு மார்ச் கடைசியில் வெளிவந்தது. இணையத்தில் திட்டாதவர்கள் குறைவு. நேற்றுவரை ஓடிய நிரல் இன்று நின்றுவிட்டது, யார் இந்த கட்சுபே என்று கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். எங்கே நின்றது என்று அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று எழுதினார். எஸுமி சானும் பதில் எழுத உட்கார்ந்தார். அவர் எழுதியதில் பாதியை அக்கா அழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரலில் பள்ளி திறந்தது. உணவுக் கூடத்துக் கணினியில் அக்கா புதிய நகியைப் போட்டார். தன் நிரல் முன்பே திருத்தியதுதானே, அங்கே ஒன்றும் நிற்காது என்று நினைத்திருந்தார்.

திறந்த இரண்டாம் வாரம் இரண்டு நாள் கடல் கொந்தளித்தது. படகுகள் போகவில்லை. அன்றைக்கு வறுப்பதற்குச் சொன்ன மீன் வரவில்லை. தலைமைச் சமையல்காரர் யோனெஹாரா சான் காலையிலேயே கடைகளுக்குப் போன் போட்டு, மீன் விழுதில் செய்த வேகவைத்த கட்டிகளை வாங்கிவிட்டார். வழக்கமான கடையில் அவ்வளவு இல்லாததால் வேறு கடையிலிருந்து வாங்கினார். அக்கா மீனை எடுத்துவிட்டு அந்தக் கட்டியின் பெயரை நிரலில் போட்டு ஓட்டினார்.

நின்றுவிட்டது. ‘இந்தப் பெயர் என்னிடம் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?’

பெட்டிகளை ஏற்ற வந்த நான் அக்காவின் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தேன். குழந்தைகளின் பட்டியல் சரியாக இருந்தது. நின்றது பொருள்களின் பட்டியலில். எந்தப் பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லும் அந்தப் பட்டியலில் இந்தப் புதிய கட்டி இல்லை. இதற்கு முன்னால் அவசரத்துக்கு மாற்றிய பொருளெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு தடவையும் அமைதியாகப் போயிருக்கிறது. அக்கா அந்த வரியைத் திருத்தவே இல்லை. அங்கே ஒரு வரி இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். வியர்த்திருந்தது.

சமையற்கூடத்திலிருந்து யோனெஹாரா சான் கரண்டியோடு வந்துவிட்டார்.

“மூடியில ஒட்டற சீட்டு எங்கம்மா? எண்ணெய் காஞ்சு கெடக்கு.”

“கொஞ்சம் பொறுங்க.”

“மீன் கட்டிதானே! மீனு, உப்பு, மாவு. மீன் ஆகாத புள்ளைங்களுக்கு ஏற்கெனவே தனியா எடுத்து வெச்சாச்சு. அந்த மெஷினை அமத்திட்டு சீட்டைக் கையால எழுது.”

“கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு எழுதறேன்.”

“நேரம் ஆகுது கட்சுபே! வேன் போகணும்!”

“வேன் போகாது” என்றார் அக்கா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. “மிட்சு, நான் சொல்லாம வண்டியை எடுக்காதே.”

நான் சாவியை அவர் மேஜைமேல் வைத்தேன்.

கடையில் முதலில் யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஒரு பெண் எடுத்து, கேட்டுச் சொல்கிறேன் என்று போனாள். யோனெஹாரா சான் அங்கேயே நின்று கரண்டியால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா ரிசீவரைக் காதில் அழுத்தியபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “முட்டை வெள்ளையா? எல்லாத்துலயுமா?” என்று கேட்டார். “சரி. நன்றி.”

யோனெஹாரா சானின் கரண்டி நின்றது.

“எங்க வழக்கமான கடையில போட மாட்டாங்களே” என்றார். குரல் இறங்கியிருந்தது. பிறகு கதவுப் பக்கம் திரும்பி உள்ளே இருந்தவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “முட்டை ஆகாத புள்ளைங்களுக்கு டோஃபுவை எடுங்க! சிவப்பு மூடி கொண்டாங்க! சீக்கிரம்!”

அக்கா பொருள் பட்டியலில் அந்தக் கட்டியைச் சேர்த்தார். முட்டை என்று எழுதினார். நிரலை மறுபடி ஓட்டினார். சீட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு சமையற்கூடத்துக்குள் போனார். ஒவ்வொரு சிவப்பு மூடியிலும் தன் கையாலேயே ஒட்டினார்.

நேரம் தவறிவிட்டது. தொலைபேசி அடித்தது. தொடக்கப் பள்ளியின் துணைத் தலைமை ஆசிரியர். பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம்.

“தாமதம் எங்களாலதான்” என்றார் அக்கா. “இன்னொரு நாளும் இப்படி ஆகலாம். ஆனா சாப்பாடு வருது.”

ரிசீவரை வைத்துவிட்டு, மேஜையிலிருந்த சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இப்ப எடு.”